ஏச்சு வாங்கித் தந்த முதுமாணிப் பட்டம்

போன மாதம் கண்டியில் ஒரு மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சுச் சிகிச்சையில் முதுமாணி என்கிற முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகும் இளம் உத்தியோகத்தர்களுக்கு ஒரு கருத்தரங்கு. ஓய்வு பெற்றவர்களுக்கு இருபது நிமிடமும் ஒரு பூங்கொத்தும் கொடுப்பது வழக்கம். ‘தெரிவாவதற்கு ஐந்து வழிகள்’ என்று என் பெயருக்குக் கீழே என்னைக் கேட்காமலே அச்சடித்திருந்தார்கள். நானும் மேடையேறி வாசிப்பு, விடாமுயற்சி, ஆங்கில அறிவு, ஆய்வு ஆர்வம், பணிவு என்று ஐந்தைச் சொல்லிவிட்டு இறங்கினேன். பிள்ளைகள் ஐந்தையும் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி பணிவுக்குக் கீழே இரண்டு கோடு போட்டதைக் கண்டேன்.

அந்த ஐந்தில் ஒன்றாவது எனக்கு உதவியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. நான் தெரிவானது மூன்றாம் முறை. அது எப்படி என்று மேடையில் சொல்லியிருந்தால் பூங்கொத்தைத் திருப்பி வாங்கியிருப்பார்கள்.

நான் கம்பளையில் பிறந்தவன். அப்பா ரயில் நிலையத்துச் சாமான் கொட்டகையில் மூட்டை தூக்கினார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் ஒரு விளம்பரம் பார்த்து, சம்பளத்தோடு பயிற்சி என்ற ஒரே காரணத்துக்காகப் பேச்சுச் சிகிச்சைக்கு விண்ணப்பித்தேன். அந்தப் பிரிவுக்குத் தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டியிருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“பேச வைக்கிற வேலையா? வீட்டுல சோறு வேணுமான்னு கேட்டாக் கூட நீ வாயத் தொறக்க மாட்டியே!” என்றார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாக்கில் எத்தனை தசை என்று படித்தோம். அத்தனையையும் ஆங்கிலத்தில் படித்து, சிங்களத்தில் பரீட்சை கேட்டு, தமிழில் வேலை பார்க்க அனுப்பினார்கள். நான் வந்து சேர்ந்தது கண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே சிங்களச் சிற்றூழியர்கள் என்னை ‘கதா மாத்தயா’ என்றார்கள். பேச்சு ஐயா. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ‘வாய் டாக்டர்’ என்றார்கள். பல் பிடுங்க வந்த சிலர் என் அறைக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்ததும் உண்டு.

எங்கள் பிரிவின் தலைவி ஹேரத் மேடம். ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட கண்டிச் சேலை, சத்தமே உயராத குரல். ஒரு வருடம் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றவர். அங்கிருந்து ஒரு படப் பெட்டியும் ஒரு பச்சை மைப் பேனாவும் கொண்டுவந்திருந்தார். பெட்டி அலுமாரிக்குள், பேனா அவர் கைப்பைக்குள். இரண்டையும் வேறு யாரும் தொட முடியாது. நாங்கள் எழுதும் ஒவ்வொரு அறிக்கையையும் அந்தப் பச்சைப் பேனாவால் திருத்துவார். ‘மிக நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினால் ‘மிக’ போகும். ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினால் ‘நல்ல’ போகும். ‘முன்னேற்றம்’ என்று மட்டும் எழுதினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். நோயாளி எழுந்து பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனாலும் எங்கள் அறிக்கையில் அவர் ‘முன்னைப் போலவே’ இருப்பார்.

அவர் யாருக்கும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் ‘பலமு’ என்பார். சிங்களத்தில் ‘பார்ப்போம்’ என்று பொருள். லீவு கேட்டால் பலமு. உடைந்த கதிரைக்குப் பதில் கதிரை கேட்டால் பலமு. அந்தக் கதிரையில் நான் ஒன்பது வருடம் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன்.

முதுமாணிப் படிப்புக்கு முதல்முறை விண்ணப்பித்தபோது ‘உங்களைப் பற்றி ஒரு பக்கம்’ எழுதச் சொல்லியிருந்தார்கள். என் மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று உருக உருக எழுதினேன். சேவைக்கும் முதுமாணிக்கும் என்ன தொடர்பு என்ற அர்த்தத்தில் ஒரு வரிப் பதில் வந்தது. இரண்டாம் முறை சேவையை வெட்டிவிட்டு ஆய்வைப் போட்டேன். அப்போது தலைமை அதிகாரியின் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது என்றார்கள். ஹேரத் மேடத்திடம் கேட்டேன். பலமு என்றார். இறுதித் திகதி போன மறுநாள், “அந்தக் கடிதம் எப்போது வேண்டும்?” என்று அக்கறையாக விசாரித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கீழே ஐந்து பேர். ஐவரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். கலஹாவிலிருந்தும் கம்பளையிலிருந்தும் வருகிற தோட்டத்துச் சனம், சுற்றுவட்டார முஸ்லிம் சனம், எல்லாரும் என் தலையில். நான் போனால் அந்த வரிசை அவர் அறை வாசலில் நிற்கும். இருக்கும்வரை நான் சாதாரண உத்தியோகத்தன். போகிறேன் என்றால் மட்டும் அத்தியாவசிய சேவை.

அந்த நேரத்தில்தான் ராக்கம்மா வந்தார்.

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். மூளையில் இடது பக்கம் இரத்தக் குழாய் அடைத்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு போய்விட்டது. ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். ‘கட்டையில போறவனே.’

சிலருக்கு இப்படி நடக்கும். சொற்கள் இருந்த அலுமாரி முழுவதும் எரிந்து, ஏதோ ஒரு துண்டு மட்டும் தப்பி நிற்கும். ஒருவருக்கு ஒரு பெயர், ஒருவருக்கு ‘ஆமா ஆமா.’ வாயைத் திறந்தால் அது மட்டுமே வரும், எதைச் சொல்ல நினைத்தாலும். ராக்கம்மாவுக்குத் தப்பி நின்றது சுடலைக்கு அனுப்பும் ஏச்சு. தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான். கால் நோகிறது என்றாலும் அதுதான். பெண் தாதியையும் ‘போறவனே’ என்றார். வார்ட்டு மூலையில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தை நோக்கி இடது கையால் கும்பிட்டுக்கொண்டு அதையே சொன்னார்.

வார்ட்டுக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் சுற்று வந்தபோது அவருக்கும் கிடைத்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற அட்டெண்டன் நூர்தீன் நானாவிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நூர்தீன் நானா முஸ்லிம் மனிதர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையில் நானா, தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவார், மொழிபெயர்ப்பில் ஒரு துளி சிந்த மாட்டார். பாடை, விறகு, நெருப்பு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். டாக்டர் அட்டையில், நோயாளிக்கு விளக்கம் இல்லை, ஆட்களைத் தாக்கிப் பேசுகிறார், மனநோய்ப் பிரிவுக்கு மாற்ற ஏற்பாடு செய்க என்று எழுதினார். திங்கட்கிழமை மாற்றுவது. நூர்தீன் நானாவுக்கே மனம் பொறுக்காமல் வெள்ளிக்கிழமை காலை என் அறைக்கு வந்தார்.

“சேர், அந்த மனிசிக்கு விசர் இல்ல. எனக்கு ஏசக்குள்ள சிரிச்சிக்கிட்டே ஏசுறா. விசர்க்காரி அப்பிடிச் சிரிப்பாளா? நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்.”

போனேன். கட்டிலுக்கு அருகில் புருசன் பெருமாள் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை. தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

“முப்பது வருசம் சார். ஒரு வார்த்த எதுத்துப் பேசுனது கெடையாது. நான் குடிச்சிட்டு வந்தாக் கூட சோத்தப் போட்டுட்டுப் படுத்துக்குவா. மனசுக்குள்ள வச்சிருந்ததெல்லாம் இப்பதான் சார் வெளிய வருது. ஏசட்டும். எனக்கு வேணும்.”

“இது வேணும்னு ஏசுறது இல்லீங்க. வியாதி அப்படி,” என்றேன்.

“நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க,” என்றார்.

ராக்கம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகவும் சாந்தமாக, “கட்டையில போறவனே,” என்றார்.

அவருக்கு மற்றவர் பேசுவது விளங்குகிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு நடைமுறை, ஹேரத் மேடத்தின் படப் பெட்டி. அனுமதி பெற்று, கையொப்பம் இட்டு எடுத்து வந்தேன். முதல் படம் பனிக்கட்டியால் கட்டிய வீடு. இரண்டாவது ஒற்றைக் கொம்பு முளைத்த குதிரை. மூன்றாவது ஒரு வாத்தியக் கருவி, அதன் பெயர் எனக்கும் தெரியாது. ராக்கம்மா குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவனுக்கு என்ன வந்தது என்று அந்தக் கண் கேட்டது. பெட்டியின் விதிப்படி நான் ‘பதில் இல்லை’ என்று புள்ளி போட வேண்டும். நூறு படம் முடிந்திருந்தால் விளக்கம் இல்லை என்று முடிவு வந்திருக்கும். டாக்டர் எழுதியதை நானே உறுதிப்படுத்தியிருப்பேன், அதுவும் சர்வதேசத் தரத்தில்.

பெட்டியை மூடினேன். பெருமாளிடம் கேட்டு, அவர் கொண்டுவந்திருந்த பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். ஒரு ரொட்டித் துண்டு, சீப்பு, வெற்றிலை, துண்டு, சுண்ணாம்பு டப்பா. நூர்தீன் நானா ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். எப்படிக் கூட்டிவந்தார் என்று தெரியாது. ஏதோ ஆபத்து என்று சொல்லியிருப்பார்.

“அம்மா, சீப்பு எங்க?” என்றேன். இடது கையால் தொட்டார். நூர்தீன் நானா டாக்டருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நின்றார்.

“ரொட்டிய எடுத்து வீட்டுக்காரர்கிட்டக் குடுங்க. வெத்தலையத் துண்டுக்கு அடியில வைங்க.” இரண்டையும் செய்தார். வெற்றிலையை மறைப்பதற்கு முன் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டது உத்தரவில் இல்லாதது.

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார். “பழக்கத்தில் செய்யலாம். இது கொழும்பா என்று கேள்.”

கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கண்டியா? ஆமாம். இவர் உங்கள் தம்பியா? பெருமாளைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு இல்லை என்றார்.

“விளங்குகிறதே! பிறகு ஏன் என்னை ஏசுகிறாள்?”

“சேர், அவங்க உங்களுக்குக் காலை வணக்கம் சொல்றாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஏசினா சத்தம் கடைசியில கீழ எறங்கும். இது மேல போகுது. கேளுங்க.”

டாக்டர் ராக்கம்மாவைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, சிங்களத்தில் காலை வணக்கம் சொன்னார். ராக்கம்மா முகம் மலர, “கட்டையில போறவனே!” என்றார். சத்தம் மேலே போனது. டாக்டர் அட்டையை வாங்கி, முன்பு எழுதியதை வெட்டிக் கையொப்பம் வைத்தார். அதன்பின் தினமும் காலையில் அந்த வணக்கத்தை வாங்காமல் அடுத்த கட்டிலுக்குப் போக மாட்டார். தாதிமார் அவரிடம் லீவு கேட்க ராக்கம்மாவின் கட்டிலடிதான் நல்ல இடம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

சிகிச்சை சுலபமாக இல்லை. தான் என்ன சொல்கிறோம் என்று ராக்கம்மாவுக்கே தெரியாது. தண்ணீர் என்று சொன்னதாகவே அவர் நம்பினார். முதல் வேலை, அதை அவருக்குக் கேட்க வைப்பது. ரெக்கோடரில் பதிந்து போட்டுக் காட்டினேன். கேட்டார். மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டேன். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை. பெரிய டாக்டர் வந்து வணக்கம் சொன்னதற்கும் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுத்ததுதான் என் முதல் வெற்றி. அதற்காக என்னால் பெருமைப்பட முடியவில்லை.

அடுத்த வேலை நிறுத்துவது. சொல் புறப்படும்போது நான் உள்ளங்கையைக் காட்டுவேன், அவர் நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் ‘கட்’ என்பதில் நின்றது. பிறகு மௌனம். மௌனம் வந்ததும் பெருமாள் பயந்துவிட்டார்.

“இருந்த ஒன்னையும் புடுங்கிட்டீங்களே சார்! ஏசுனாலும் சத்தம் கேட்டுச்சு.”

எரியாமல் தப்பி நின்ற அந்தத் துண்டில் நல்ல மரம் கொஞ்சம் இருந்தது. ‘போற.’ அதைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து, நான் உதட்டைக் குவித்துத் திறப்பேன். அவர் இடது கையால் மேசையில் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஒரு அசை. போ. போ. போ. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு ‘கட்’ வந்து உள்ளங்கையில் முட்டி நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியே மழை, ‘போ’ என்று முழுசாக வந்தது. அவரே திடுக்கிட்டார். வார்ட்டிலிருந்து வெளியேறிக் கிளினிக்குக்கு வரத் தொடங்கிய மூன்றாம் மாதம், தட்டிக்கொண்டே, “போ. றேன்,” என்றார்.

பெருமாள் மூலையில் இருந்த கதிரையிலிருந்து எழுந்து, “எங்கடி போற?” என்றார்.

சும்மா வாயில் வந்த கேள்வி. ஆனால் அவளிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்கு நிற்பது எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று அவருக்கு உடனே உறைத்துவிட்டது. ராக்கம்மா வாயை இழுத்து, “வீ...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. பெருமாள் மூக்கைச் சீந்திக்கொண்டு, “சரி, சரி, வீட்டுக்குத்தான் போறோம். கலஹா பஸ் இருக்கு,” என்றார்.

அறிக்கையில் ‘மிக நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினேன். பச்சைப் பேனா மூன்று சொல்லில் இரண்டை எடுத்துக்கொண்டது.

அந்த வருடம் முதுமாணி விண்ணப்பத்துக்குப் புதிய விதி. ஒரு நோயாளியின் பேச்சைப் பதிவு செய்த கசெட்டும் தலைமை அதிகாரி முத்திரையிட்டு நேரே அனுப்பும் கடிதமும் வேண்டும். ராக்கம்மாவிடமும் பெருமாளிடமும் கேட்டேன். ராக்கம்மா ரெக்கோடரைப் பார்த்து முறைத்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். கடிதத்துக்கு ஹேரத் மேடத்திடம் போனேன். ஆச்சரியம், ‘பலமு’ சொல்லவில்லை. “நானே எழுதி நானே அனுப்புகிறேன்,” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புப் பக்கம் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் ஒரு சிங்களப் பேராசிரியர். அடுத்து ஒரு வெளிநாட்டு அம்மையார். மூன்றாவது, யாழ்ப்பாணத்துக் கலாநிதி ஒருவர். அவர் கசெட்டை முன்பே கேட்டிருந்தார். என்னை நடையில் பிடித்துக்கொண்டார்.

“ஐசே, உமக்கு வேற கேஸ் ஒண்டும் கிடைக்கேல்லையோ? உந்தக் கதையைச் சபைக்குள்ள போடேலுமோ?”

“நோயாளி சொல்றதத்தானே சேர் பதியலாம்?”

“ஓம், ஓம். அது சரி. ஆனா தமிழைப் பற்றி அவையள் என்ன நினைப்பினம்?”

தமிழைப் பற்றி யாரும் எதுவும் நினைக்கவில்லை. கசெட்டைப் போட்டார்கள். குளிரூட்டிய அறையில் ராக்கம்மா மூன்று பேரையும் முறையே சுடலைக்கு அனுப்பினார். தலைவர் என்ன அர்த்தம் என்று கலாநிதியைக் கேட்டார். கலாநிதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஒரு வட்டாரச் சொற்றொடர்,” என்றார். தலைவர் என்னைக் கேட்டார். நூர்தீன் நானாவை நினைத்துக்கொண்டு ஒரு துளி சிந்தாமல் சொன்னேன். வெளிநாட்டு அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ‘போறேன்’ வந்த இடத்தை மட்டும் நான்கு முறை போடச் சொல்லிக் கேட்டார். அந்த நான்கு முறையும் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்துத் தலைவர் முத்திரையிட்ட கடிதத்தை எடுத்தார். பச்சை மை எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. கடைசிப் பந்தியை உரக்க வாசித்தார். “எமது பிரிவில் தமிழ் பேசும் நோயாளர்களைப் பார்க்கக்கூடிய ஒரே உத்தியோகத்தர் இவர். இவர் இல்லாவிட்டால் அவர்களுக்கான சேவை முற்றாக நின்றுவிடும். ஆகையால் இவரை விடுவிக்க இயலாது.”

எழும்பிப் போக நான் தயாரானேன்.

தலைவர் கடிதத்தை மேசையில் வைத்து அதன் மேல் கையை வைத்தார். “இன்று பதினான்கு கடிதம் வாசித்தேன். எல்லாரும் கடும் உழைப்பாளி, நேரம் தவறாதவர், இனிமையானவர். ஒரு தலைமை அதிகாரி தன் கீழே வேலை செய்பவரைப் பற்றி, இவர் இல்லாவிட்டால் சேவையே நின்றுவிடும் என்று எழுதி நான் பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய சிபாரிசு எது?”

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கடைசி வாக்கியத்தையும் புகழ்ச்சியின் உச்சமாகவே எடுத்துக்கொண்டார்கள். திறந்தால் கெடும் என்ற வாயை மூடி வைத்திருப்பதும் பேச்சுக் கலைதான். நான் பணிவாகக் கீழே பார்த்தேன். பணிவுக்கு இரண்டு கோடு போட்ட பிள்ளைக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தெரிவுப் பட்டியல் வந்தது. பல்கலைக்கழகம் கேட்க, அமைச்சு விடுவித்தது. ஹேரத் மேடம் என்னை வாழ்த்தவில்லை, தடுக்கவும் இல்லை. கடைசிக் கிளினிக்கில் ராக்கம்மாவிடம் சொன்னேன்.

“ரெண்டு வருசம்தாம்மா. வந்துருவேன். அது வரைக்கும் மாசாமாசம் கிளினிக்குக்கு வாங்க. வேற ஆளு பாப்பாங்க.”

வேற ஆள் யார் என்று நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. சொல்லும்போதே அது எனக்குத் தெரியும்.

முதுமாணிப் படிப்பில் நிறையக் கற்றேன். ராக்கம்மாவுக்கு நான் சீப்பையும் வெற்றிலையையும் வைத்துச் செய்ததற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருப்பதாக அங்கேதான் அறிந்தேன். அந்தப் பெயரைப் போட்டு எழுதிய கட்டுரைக்கு அதிக புள்ளி கிடைத்தது.

திரும்பி வந்த முதல் நாள் ராக்கம்மாவின் அட்டையைத் தேடி எடுத்தேன். மூன்று வரவு. மூன்றாவதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ‘மொழித் தடை. ஒத்துழைக்கவில்லை. விடுவிக்கப்பட்டார்.’ அவரை விடுவிக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அட்டையைக் கொண்டுபோய் ஹேரத் மேடத்தின் மேசையில் வைத்தேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவர் குரல் உயரவில்லை.

“தமிழ் ஆள் ஒருவரைத் தரும்படி நான்கு முறை எழுதினேன். ஆளணிப் பட்டியலில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று பதில் வந்தது. அது நீங்கள்.” கோப்பைத் திறந்து நான்கு பதிலையும் காட்டினார். “சேவை நின்றுவிடும் என்று அப்போதே எழுதினேனே. நான் எழுதியது தகவல். நீங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அதைப் பாராட்டு என்று வாசித்தீர்கள்.”

அந்தப் பெண்மணி முப்பது வருடமாகத் தேவையில்லாத சொல்லை வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரே ஒரு தடவை எந்தச் சொல்லையும் வெட்டாமல் உண்மையை எழுதியிருக்கிறார். அதை நான் வாயை மூடிக்கொண்டு என் லாபத்துக்கு விற்றுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேராதனையில் கலஹா பஸ் பிடித்தேன். இறங்கி, தேயிலைக்குள் ஏறி, தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய லயத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பெருமாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“வாங்க சார், வாங்க வாங்க! இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கீங்களே!” தோள் துண்டால் கதிரையைத் துடைத்துப் போட்டார். “கிளினிக்குக்கு மூணு தடவ வந்தோம் சார். ஒரு மிஸ்ஸு படம் காட்டுனாங்க. நல்லவங்கதான். பாசை தெரியல. அப்புறம் இனி வராதீங்கன்னுட்டாங்க. நான்தான் சார் வீட்டுலயே மேசையில தட்ட வைக்கிறேன். தப்பா இருந்தாச் சொல்லுங்க.”

அவர் சொன்னபடி பார்த்தால் தப்புத்தான். அசைக்கு ஒரு தட்டு என்பதை அவர் சொல்லுக்கு ஒரு தட்டு என்று மாற்றியிருந்தார். அந்தத் தப்பான முறையில் ராக்கம்மா தண்ணி, சோறு, தீப்பெட்டி, பக்கத்து லயத்துப் பேரப் பிள்ளைகளின் பெயர்கள் என்று இருபது சொல்வரை சேர்த்திருந்தார். சரியான முறை தெரிந்த நான் கொழும்பில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

ராக்கம்மா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்து நடந்து வந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கை பழக்கத்தில் உள்ளங்கையைக் காட்டத் தயாராக எழும்பியது. தேவைப்படவில்லை. அவர் இடது கையால் கதவு நிலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“போனீங்க,” என்றார்.

இறந்தகாலம். முன்னிலை. மரியாதை விகுதி. எதுவும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அறிக்கை எழுதுபவனின் புத்தி அதைத்தான் முதலில் குறித்துக்கொண்டது.

பெருமாள் கோடாலியைச் சாய்த்து வைத்தார். “அட, ஒங்களையா! ரெண்டு வருசமா இதையேதான் சார் சொல்லிட்டிருந்தா. மாசாமாசம் கிளினிக்கு நாள் வந்தா வாசல்ல ஒக்காந்துக்கிட்டு இதையே சொல்லுவா. யாரச் சொல்றான்னு எங்களுக்கு வெளங்கல.”

“ஆமாம்மா, போயிட்டேன்,” என்றேன்.

ராக்கம்மா என்னைத் தாண்டி நடந்துபோய், பெருமாள் பிளந்து போட்ட விறகில் இரண்டை இடது கையால் பொறுக்கிக்கொண்டு, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட உள்ளே போனார்.